மூச்சக்காவின் உத்தியோகம்

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனபோது உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். தள்ளுகட்டிலில் மயக்கத்தில் கிடந்த ஒரு பெண். காலையில்தான் வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்திருந்தது, வாய்க்குள் குழாய் இருந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த வார்டு அட்டெண்டர். மூன்றாவது ஆள் அவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. குழாயின் முனையில் மாட்டிய காற்றுப்பையைக் கையால் அமுக்கி அமுக்கி, அந்தப் பெண்ணுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் அறையைத் தயார் பண்ண நர்ஸ் முன்னாலேயே படியில் இறங்கிப் போயிருந்தார்.

விளக்கு அணைந்தது. மூலையில் ஒரு சின்ன அவசர விளக்கு மட்டும் மஞ்சளாக முழித்துக்கொண்டிருந்தது. அட்டெண்டர் கதவை இரண்டு கையாலும் அறைய ஆரம்பித்தார்.

"அண்ணே, கதவு எங்கேயும் ஓடிப் போகாது. முதல்ல அந்த மணி பட்டனை அமுக்குங்க. அமுக்கிட்டு இங்க வாங்க."

அவர் வந்தார். வந்தவருடைய கண் நேராகப் போய் ஆக்சிஜன் சிலிண்டரில் விழுந்தது. "முள்ளு சிவப்புக்குப் போவுதும்மா! தீரப்போவுது!"

"தீரட்டும். தீர்ந்தாலும் இந்தப் பை சும்மா இருக்கற காத்தை இழுத்துக்கும். பை இருக்கு, நம்ம ரெண்டு பேர் கை இருக்கு. வேற என்ன வேணும்?"

வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, அவளுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. சும்மா இருக்கிற காற்று இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் போதும் என்பது யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தக் கேள்வியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார அது நேரமில்லை. விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததும் அட்டெண்டருக்குக் கற்றுக்கொடுத்தாள். "மாவு பிசையற மாதிரி இல்லண்ணே, மெதுவா. நெஞ்சு ஏறுதா பாருங்க. ஏறினா விடுங்க. நான் எண்ணறேன், நீங்க அமுக்குங்க." சத்தம் போட்டு எண்ணினாள். பயம் உள்ளே வருவதற்கு இடம் இல்லாதபடி எண்ணினாள்.

மேலேயிருந்து ஒரு ஆண்குரல் வந்தது. "உள்ளே எத்தனை பேரு?"

"மூணு பேர். அதுல ஒருத்தருக்கு நாங்கதான் மூச்சு."

மேலே இரும்பு உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "கையால இறக்கறேன். குலுங்கும். பிடிச்சுக்கங்க."

"குலுங்கட்டும். ஆனா சொல்லிட்டுக் குலுக்குங்க."

சொல்லிச் சொல்லியே இறக்கினார் அந்த லிஃப்ட் மெக்கானிக். கதவு திறந்ததும் ஆட்கள் ஓடிவந்தார்கள், புது சிலிண்டர் வந்தது, கட்டில் ஓடியது. அந்தப் பெண் ஒரு வாரத்தில் சொந்தக் காலில் நடந்து வீட்டுக்குப் போனார். நடுவில் என்ன நடந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. எல்லாம் முடிந்தபிறகுதான் அவளுக்கு நடுக்கம் வந்தது. டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. அட்டெண்டர் கிளாஸை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, வார்டு வார்டாகப் போய்க் கதையைச் சொன்னார். ஒவ்வொரு வார்டிலும் கதை கொஞ்சம் வளர்ந்தது. கடைசி வார்டில் லிஃப்ட் அறுந்தே விழுந்துவிட்டது. அன்றைக்கு அவர் வைத்த பெயர்தான் மூச்சக்கா. அவர் வயதில் பாதிதான் அவளுக்கு. அக்கா பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

அதற்கு முன்னால் அவளுக்கு இருந்த பெயர் மிஷின்காரம்மா. வென்டிலேட்டர் கத்தினால், "மிஷின்காரம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். அது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். மிஷின் கத்துவது மிஷினுக்காக இல்லை, அதன் மறுமுனையில் இருக்கிற ஆளுக்காக என்று எத்தனை பேரிடம் சொல்வது? படிப்புகூட அவள் தேடிப் போனது இல்லை. பார்மசிக்கு இடம் கேட்டுப் போனாள். இடம் தீர்ந்துவிட்டது, சுவாச சிகிச்சை என்று ஒரு படிப்பு இருக்கிறது, சேருகிறாயா என்றார் கல்லூரி குமாஸ்தா. அது என்னவென்று அவருக்கும் தெரியாது. சேர்ந்தாள். நிமோனியாவில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த ஒருவர், முகமூடியைச் சரியாக வைத்து அழுத்தத்தைத் திருத்தியதும் தோள் தளர்ந்து தூங்கிப்போனதை மூன்றாம் வருஷத்தில் பார்த்தாள். அன்றைக்குப் பார்மசியை மறந்தாள்.

லிஃப்ட் விஷயம் அவளுக்கு அந்தக் கதவு திறந்ததோடு முடியவில்லை. "நல்ல வேளை, அதிர்ஷ்டம்" என்றார் ஆஸ்பத்திரி மேலாளர். "அதிர்ஷ்டத்தை நம்பி அடுத்த பேஷண்டைக் கொண்டு போக முடியாது சார்" என்றாள் அவள். குழாய் போட்ட நோயாளியை இடம் மாற்றும்போது நிறைந்த சிலிண்டர் ஒன்று உபரியாக வேண்டும், பையை அமுக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் கூட வரவேண்டும், லிஃப்ட்காரர் வாசலில் நிற்க வேண்டும். மேலாளர் பார்க்கலாம் என்றார். அவளும் பார்த்தாள். வாராவாரம் போய் அவருடைய அறை வாசலில் நின்று பார்த்தாள். கடைசியில் அவளைப் பார்க்கச் சலித்துப்போய், அவர் அதை விதியாகவே போட்டுவிட்டார். அந்த அட்டெண்டருக்குப் பை அமுக்க முறையாகப் பயிற்சி கொடுத்தவளும் அவள்தான்.

இதற்கிடையில் அந்த லிஃப்டுக்கு யோகம் அடித்தது. அந்த வருஷம் நடந்த பராமரிப்பு அதன் ஆயுளிலேயே நடந்ததில்லை. மெக்கானிக் எண்ணெய் விட வருவார். விட்ட எண்ணெய் காய்வதற்குள் மறுபடி வருவார். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்: "அன்னைக்கு உள்ளே எண்ணிட்டே இருந்தது நீங்கதானே? அந்தக் குரல் கேட்டுட்டே இருந்ததாலதான் எனக்குக் கை நடுங்கலை."

"எனக்கு நடுங்குச்சு" என்றாள் அவள். "வெளியில வந்தப்புறம்."

கல்யாணப் பேச்சுக்கு மெக்கானிக்கின் அக்கா வந்தார். கோர்ட்டு வாசலில் டைப்பிங் கடை வைத்திருப்பவர். எதிராளியைக் கூண்டில் ஏற்றாமல் பேசத் தெரியாது.

"என்ன வேலைம்மா பார்க்கறே? நர்ஸா?"

"இல்லீங்க."

"டாக்டரா?"

"இல்லீங்க."

"அப்போ என்னதான் பண்றே?"

"மூச்சு விட முடியாதவங்களுக்கு மூச்சு விட வைக்கிறேன்."

"அது எல்லாருக்கும் தானா வர்றதாச்சே! அதுக்குப் போய்ச் சம்பளமா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சிரித்துவிட்டாள். கல்யாணம் நடந்தது, ஒரு பெண் குழந்தை பிறந்தது, நாத்தனார் அடுத்த தெருவுக்கே குடி வந்தார்.

வருஷங்கள் ஓடின. பிரிவு பெரிதானது. வென்டிலேட்டர்கள் கூடின, ஆட்கள் கூடினார்கள். பிரிவுக்குத் தலைமையாக ஒருவரைப் போடப்போகிறார்கள் என்று தெரிந்தபோது, அது அவள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, அவளுக்கும்தான். மேலாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல செய்தி என்றால் நிற்கவைத்தே சொல்லியிருப்பார்.

"உங்க வேலையில யாரும் குறை சொல்ல முடியாதும்மா."

"அப்போ குறை எங்க இருக்கு சார்?"

"படிப்புல. மேல்படிப்பு முடிச்சவங்களைத்தான் போடணும்னு விதி. நான் என்ன பண்ணட்டும்?"

பதவி, எல்லாரும் கண்ணாடி என்று கூப்பிடுகிறவனுக்குப் போயிற்று. தடிமனான மூக்குக்கண்ணாடி போட்ட இளைஞன்; மாணவனாக வந்தபோது அவனுக்கு வார்டில் வேலை காட்டியவர்களில் அவளும் ஒருத்தி. சாயங்காலம் அவள் எதிரில் வந்து நின்றான். "அக்கா, நான் கேட்கலை. அவங்களாதான் கொடுத்தாங்க."

"கொடுத்தா வாங்கிக்கோ. நீ படிச்சே, உனக்குக் கிடைச்சுது. அதுல தப்பு என்ன இருக்கு?"

பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டுக் கருவி கழுவும் அறைக்குள் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவினாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "நான் படிக்கப்போறேன்."

கணவர் ஸ்க்ரூடிரைவரோடு மின்விசிறிக்கு அடியில் ஸ்டூலில் நின்றிருந்தார். "படி" என்றார். "நான் இறங்கினப்புறம் என்ன படிப்புன்னு சொல்லு."

வேலை பார்த்துக்கொண்டே சனி, ஞாயிறு வகுப்பு. பேருந்தில் நின்றபடி பாடம், குக்கர் விசில் அடிக்கும் இடைவெளியில் பாடம். குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு, யாரும் கேட்காமலேயே நாத்தனார் வந்து நின்றார். முதல் வருஷம் ஒரு தாளில் அவள் தேறவில்லை. புள்ளியியல். அன்றைக்குப் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போடப் போனாள். நாத்தனார் வழியை மறித்துக்கொண்டார்.

"எங்க எடுத்துட்டுப் போறே?"

"போதும் அண்ணி. எனக்கு இது வரலை."

"உனக்கு வந்தா என்ன, வராட்டி என்ன? என் தம்பி பொண்டாட்டி மூச்சுக்கு மேல்படிப்பு படிக்கறான்னு கோர்ட்டு பூரா சொல்லி வச்சிருக்கேன். ஜட்ஜு வரைக்கும் தெரியும். இப்போ நீ விட்டுட்டா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கடையைத் திறக்கறது? எடு புஸ்தகத்தை!"

அவள் எடுத்தாள். இரண்டாம் தடவை தேறினாள். பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை. தேறினாள், அவ்வளவுதான்.

படிப்பின் கடைசி வருஷத்தில்தான் ஏலக்காரர் வந்து சேர்ந்தார். காய்கறிச் சந்தையில் மொத்த ஏலம் கூவுகிறவர். அவர் கூவினால் அடுத்த தெரு நாய் எழுந்து உட்காரும் என்றார் அவர் மனைவி. நரம்பில் திடீரென்று வந்த நோய், காலில் ஆரம்பித்து நெஞ்சுவரை ஏறி மூச்சை நிறுத்தப் பார்த்தது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து வென்டிலேட்டரில் போட்டிருந்தார்கள். நோய் மெல்ல இறங்க ஆரம்பித்தது. கை அசைந்தது, தலை திரும்பியது. இனி மிஷினை விட்டுத் தானாக மூச்சு விடப் பழக வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் மிஷினைக் கழற்றுவாள். முதல் இரண்டு நாள் ஒத்துழைத்தார். மூன்றாம் நாள் மிஷினின் குழாயைத் தானே இழுத்துக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முறைத்தார்.

"வலிக்குதா சார்?"

இல்லை என்று தலையாட்டினார்.

"பயமா இருக்கா?"

அந்த முறைப்பிலேயே ஒரு ஆளை எரித்துவிடலாம். பிறகு கையைத் தூக்கி வாயைக் காட்டினார், கழுத்தைக் காட்டினார், கையை விரித்தார்.

அவளுக்குப் புரிந்தது. குரல் போய்விட்டது என்று நினைக்கிறார். குரல் இல்லாமல் எழுந்து நடந்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறார்.

"குரல் போகலை சார். காத்து குரல்நாண் வழியா வராம கீழயே வெளியில போயிடுது, அதான் சத்தம் வரலை. நீங்க மூச்சு விடப் பழகுங்க. நான் உங்களைப் பேச வைக்கிறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டாள். குழாயின் வாயில் மாட்டுகிற ஒருவழி வால்வு ஒன்று உண்டு. மூச்சை உள்ளே இழுக்க விடும். வெளியே விடும்போது மூடிக்கொண்டு, காற்றைத் தொண்டை வழியாக மேலே அனுப்பும். காற்று மேலே போனால் குரல் வரும். நெஞ்சு மருத்துவரம்மாவிடம் கேட்டாள். சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். மறுநாள் சளியை உறிஞ்சி எடுத்துவிட்டு, குழாயைச் சுற்றியிருக்கும் சின்னப் பலூனின் காற்றை இறக்கி, வால்வை மாட்டுவதற்கு முன் ஒரு விநாடி விரலால் குழாயை மூடினாள். காற்று மேலே போகவில்லை. ஏலக்காரரின் கண் பிதுங்கியது, முகம் கறுத்தது. சட்டென்று விரலை எடுத்தாள். அதற்குள் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல் பதிந்த தடம் மறுநாள்வரை இருந்தது. மனைவி சுவரோடு சாய்ந்து நின்றார்.

வராந்தாவில் மருத்துவரம்மா குரலை உயர்த்தவில்லை. "வாக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"ஆமா டாக்டர். கேட்டிருக்கணும்."

"நானும் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துட்டு அப்புறம் சரின்னு சொல்லியிருக்கணும். சரி, நாளைக்குப் பார்ப்போம்."

பார்த்தார். குழாய்க்கு மேலே தொண்டை வீங்கியிருந்தது. வீக்கம் இறங்க மருந்து, அதன்பின் இதைவிடச் சின்னதாக ஒரு குழாய், அதற்கப்புறம்தான் வால்வு என்று முடிவாயிற்று.

அதுவரை ஏலக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று கண்ணாடி கேட்டான். "வேணாம். கெடுத்தது நான், சரி பண்றதும் நான்தான்" என்றாள்.

அந்த முதுகிடம் போய்ப் பேசினாள். "கோவமா இருக்கீங்க. இருங்க, அது உங்க உரிமை. கோவத்துல மூச்சு வேகமா ஓடும் பாருங்க, அந்த மூச்சை மிஷின் இல்லாம விடுங்க. எனக்காக இல்ல. என்னைத் திட்டணும்னு இருக்கில்ல, அதுக்காக."

முதுகு திரும்பவில்லை. ஆனால் மிஷினைக் கழற்றியபோது கை குறுக்கே வரவில்லை. அன்றைக்கு முந்தின தடவையைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தாக்குப்பிடித்தார். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். நடுவில் ஒருநாள் காய்ச்சல் வந்து எல்லாம் பழையபடி ஆனது. மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்தார்கள். அவர் திட்டுவதற்காகவே பிழைத்துக்கொண்டிருக்கிறார் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள்.

சின்னக் குழாய் மாற்றியபின், மருத்துவரம்மா கட்டிலின் ஒரு பக்கமும் அவள் மறுபக்கமும் நின்றார்கள். பலூனை இறக்கினாள். விரல் வைத்தாள். இந்தத் தடவை காற்று மேலே போனது, உதடு வழியாக உஸ்ஸென்று வந்தது. வால்வை மாட்டினாள்.

"சார், மூச்சை இழுத்து மெதுவா ஆ-ன்னு சொல்லுங்க."

வந்தது இருமல். துடைத்துவிட்டாள். திரும்பவும் இருமல். அப்புறம் துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஏலக்காரரே திகைத்துப் பார்த்தார். அவளைத் திட்டப் போகிறார் என்று எல்லாரும் காத்திருக்க, அவர் மனைவியைப் பார்த்தார்.

"ஏன்... இளைச்சுப் போயிட்டே?"

மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணீர் வழிந்துகொண்டே இருக்க, "இத்தனை நாள் வீடு அமைதியா இருந்துச்சு. அதுவும் போச்சு" என்றார்.

மருத்துவரம்மாவே சிரித்துவிட்டார். ஏலக்காரருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மறுபடி இருமல். அவள் மிஷினின் அளவுகளைப் பார்த்தாள். எண்கள் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தன. மிஷின் அவரை விட்டுப் போக அதற்கப்புறமும் பல வாரங்கள் ஆயின. குழாயையும் எடுத்தபிறகு, தடியை ஊன்றிக்கொண்டு, வார்டில் ஒவ்வொருவரிடமும் விடைபெற்றுவிட்டுப் போனார். அவளைத் திட்டவும் மறக்கவில்லை. "இனிமே என் கழுத்துல விரல் வச்சா கையை உடைச்சுடுவேன்" என்றார், வாய் நிறைய.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அதே வருஷம், கழுத்துக் குழாயோடு வீட்டுக்குப் போன ஒரு தையற்காரரை, திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே இழந்தார்கள். வீட்டில் குழாய் சளியால் அடைத்துக்கொண்டிருக்கிறது. உறிஞ்சி எடுக்கும் கருவி பக்கத்திலேயே இருந்தும் மகனுக்குக் கை வரவில்லை. வீட்டுக்கு அனுப்பிய அன்று அவசர அவசரமாக ஒரே தடவை காட்டிக்கொடுத்திருந்தார்கள். மகன் வராந்தாவில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியலைங்க, எனக்குத் தெரியலைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவளால் அந்த வராந்தாவைக் கடக்க முடியவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தெரியாதது அவன் தப்பில்லை, சரியாகச் சொல்லித்தராதது இவர்கள் தப்பு என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருஷம் கண்ணாடிக்கு வேறு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போகும்போது, தன் இடத்துக்கு அக்காவைத்தான் போட வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான். இப்போது படிப்பிலும் குறை இல்லை. மேலாளர் கூப்பிட்டார். இந்தத் தடவை நிற்கவைத்தே சொன்னார்.

"சந்தோஷம் சார். எடுத்துக்கறேன். ஆனா எனக்கு ஒரு அறை வேணும்."

"ஆபீஸ் ரூம் உண்டேம்மா, அதே ரூம்தான்."

"எனக்கு இல்ல. வீட்டுக்குப் போறவங்களுக்கு. குழாயோட, மிஷினோட போற யாரும், வீட்டு ஆள் ஒருத்தர் முழுசா கத்துக்காம இந்த வாசலைத் தாண்டக் கூடாது. போனப்புறமும் மாசாமாசம் வந்து காட்டணும். அதுக்கு ஒரு அறை, ஒரு ஆள்."

"இடம் எங்கம்மா இருக்கு?"

"சலவைக் கிடங்குக்குப் பக்கத்துல உடைஞ்ச கட்டிலெல்லாம் போட்டு வச்சிருக்கீங்களே, அது. அளந்து பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்."

அறை கிடைத்தது. கணவர் ஒரு விடுமுறை நாளில் வந்து மின்சார இணைப்புகளைச் சரிபண்ணினார். அட்டெண்டர் உடைந்த கட்டில்களை அப்புறப்படுத்தி, ஒன்றை மட்டும் பயிற்சிக்கென்று சரிசெய்து வைத்தார். நாத்தனார் பெயர்ப்பலகைக்குத் தானே டைப் அடித்துக் கொடுத்தார், ஒரு எழுத்துப் பிழையோடு. அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. முதல் வாரம் யாரும் வரவில்லை. பிறகு வந்தார்கள். இப்போது வெளியே பெஞ்சு போதவில்லை.

தலைமைக்கு வந்தபின் கூட்டங்களும் கையெழுத்துகளும் கூடிவிட்டன. மிஷின் விற்க வருகிறவர்கள் முதலில் மேலாளரைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அவள் இரண்டு கேள்வி கேட்டபிறகு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். ஆனாலும் அந்த அறைக்குப் போகும் நேரத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

போன வாரம் ஒரு பேருந்து ஓட்டுநரின் மனைவி வந்திருந்தார். மறுநாள் கணவரைக் குழாயோடு வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். பயிற்சிப் பொம்மையின் கழுத்துக்குள் உறிஞ்சுகுழலைச் செலுத்தும்போது அவருக்குக் கை அப்படி நடுங்கியது. பாதியிலேயே கீழே வைத்துவிட்டார்.

"என்னால முடியாதும்மா. எனக்கு இதெல்லாம் வராது. நாளைக்கு வேணாம், இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமே."

"தேவைன்னா இருக்கலாம். அதை அப்புறம் பேசுவோம்" என்றாள் அவள். உறையைப் பிரித்துப் புதுக் கையுறை ஒன்றை நீட்டினாள். "நடுங்கினா நடுங்கட்டும். நடுங்கற கையாலயும் இதைப் பண்ணலாம். முதல்ல எதை எடுக்கணும்?"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையுறையை மாட்டினார். உறிஞ்சுகுழலை எடுத்தார். பாதிதூரம் போய் நின்றது. வெளியே இழுத்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"அதுவரைக்கும் சரியாத்தான் போச்சு. இன்னொரு தடவை."